கத்தரிக்கோல் படாத பை: குவாத்தமாலா பயணக் குறிப்புகள்

செவ்வாய், குவாத்தமாலா சிட்டி

குவாத்தமாலாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எரிமலை ஏறவோ திக்கால் என்ற பழைய மாயா நகரத்தின் கோபுரங்களைப் பார்க்கவோ வருவார்கள். நான் பைகளைப் பார்க்க வந்திருக்கிறேன். இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாயா பெண்கள் நெய்த துணியில் தைத்த தோள்பை, கைப்பை, முதுகுப்பை எல்லாம் இப்போது எந்த நாட்டு இணையக் கடையைத் திறந்தாலும் கிடைக்கின்றன, விலையும் நன்றாகவே வைக்கிறார்கள். ஆனால் அந்தத் துணியை யார் நெய்தார், எதற்காக நெய்தார், அது எப்படிப் பையானது என்று ஒரு வரி கூட இருக்காது. அதை இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்தேன். இரவில் அறைக்கு வந்ததும் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

முதல் வேலையாக இஷ்செல் அருங்காட்சியகம். இஷ்செல் என்பது மாயா மரபில் நெசவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய தெய்வம். 1973-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் பிரான்சிஸ்கோ மர்ரோகின் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது, உள்ளே முழுக்க உடைகள்தான். நான் தேடி வந்தது வீப்பில். மாயா பெண்கள் அணியும் மேலாடைக்கு அதுதான் பெயர். இரண்டு அல்லது மூன்று நீளத் துண்டுகளைத் தனித்தனியாக நெய்து, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, தலை நுழைய வழி விட்டு, அப்படியே மாட்டிக்கொள்வது. உடம்புக்கு அளவெடுத்து வெட்டுவது என்ற பேச்சே கிடையாது, நெய்த அகலம்தான் அளவு. ஊருக்கு ஊர் நிறம் வேறு, பூ வேறு, கழுத்து வேலை வேறு. தெரிந்தவர்கள் வீப்பிலைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்கள்.

இது எவ்வளவு பழைய உடை என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. மெக்சிகோ எல்லையில் யஷ்சிலான் என்ற மாயா நகரத்தின் நிலைவாசல் கல் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எட்டாம் நூற்றாண்டில் செதுக்கியது. அதில் கபால் ஷோக் என்ற அரசி மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கு வழியாக இழுத்து ரத்தம் சிந்துகிறாள். அந்தக் காட்சியின் கொடுமையையும் மீறிக் கண்ணில் நிற்பது அவள் உடை. சிற்பி சாய்சதுரப் பூக்களை ஒவ்வொன்றாக, ஓரக் குஞ்சம் வரைக்கும் செதுக்கியிருக்கிறான். அதே சாய்சதுரங்களை மெக்சிகோவின் சியாபாஸ் மலையில் இன்றும் நெய்கிறார்கள்.

புதன், சான் அந்தோனியோ அகுவாஸ் காலியெந்தெஸ்

அந்திகுவா நகரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்தாக ஓடிக் களைத்த வண்டிகளை இங்கே கொண்டுவந்து, கண்ணைப் பறிக்கிற வண்ணம் அடித்து, குரோம் பூச்சு போட்டு ஓட்டுகிறார்கள், உள்ளூர்ப் பெயர் கமியோனேத்தா. ஒரு இருக்கையில் மூன்று பேர், நடுவில் நடத்துநர் நெளிந்து போகிறார்.

இது கக்சிகேல் மொழி பேசும் ஊர், நெசவுக்குப் பேர் போனது. இங்கத்து வீப்பிலில் புட்டா இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும், முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தேட வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இங்கே வயதில் மூத்த பெண்களைத் தோன்யா என்று மரியாதையாக அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன், அவர் என்னை செனோ என்றார்.

தறி என்றதும் நமக்கு ஒரு அறையை அடைத்து நிற்கும் மரச்சட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே தறி என்பது சில குச்சிகளும் கயிறும். பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனையைத் தாழ்வாரத் தூணில் கட்டி, மறு முனையை ஒரு பட்டையோடு சேர்த்து இடுப்புக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பாயில் முழந்தாளிட்டு உட்கார்கிறார். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். அந்த இடுப்புத்தறியில் நெய்பவரின் உடம்பே ஒரு பாகம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம்.

அவர் விரல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று தேய்ந்த ஒரு சிறு எலும்புக் குச்சியால் பாவு இழைகளை எண்ணி எண்ணித் தூக்குகிறார், இடையில் பச்சை நூலை நுழைக்கிறார், அடுத்த நாலு இழை விட்டு ஊதா, மறுபடி பச்சை, அப்புறம் ஒரு இழை தள்ளி ஆரஞ்சு. படம் எதுவும் முன்னால் இல்லை, தாளில் கட்டம் போட்டதும் இல்லை. ஒரு வரி முடிந்ததும் வாள் போன்ற கனத்த மரப்பலகையை நுழைத்து இரண்டு அடி அடிக்கிறார், குறுக்கு நூலான ஊடை போய் உட்கார்கிறது. நான் அங்கே இருந்த நேரம் முழுக்க வளர்ந்தது ஒரு விரல் அகலம் இருக்கலாம். நடுவில் இரண்டு முறை எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார், ஒரு முறை பேரனை அதட்டினார். வீட்டு வேலைக்கு நடுவே இப்படி நெய்தால் ஒரு நல்ல வீப்பில் முடியச் சில மாதங்கள் ஆகும் என்றார்.

பைகளைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நெய்துகொண்டிருந்தார், பிறகு சொன்னார்: "பழைய வீப்பிலை நானும் விற்றிருக்கிறேன் செனோ. மகனுக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தது, வேறு வழியில்லை. வாங்கியவன் கொடுத்தது நூல் வாங்கிய காசுக்குக் கூடக் காணாது. அதை வெட்டிப் பையாக்கி அந்திகுவாவில் தொங்கவிட்டிருப்பான், நான் அந்தத் தெருவுக்கே போவதில்லை."

பையாவது பரவாயில்லையாம், செருப்பிலும் பூட்ஸிலும் வைத்துத் தைப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் பாஸ்தோரெஸ் என்று தோல் பூட்ஸ் செய்யும் ஊர் இருக்கிறது. இந்தப் பக்கக் கடைகளில் வீப்பில் துணி பதித்த பூட்ஸ் நிறையவே தொங்குகின்றன. மார்பில் அணிகிற துணி காலுக்குப் போவதா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கோபத்தோடு இது நின்றுவிடவில்லை. இதே சகாத்தெபேகெஸ் மாவட்டத்தின் அஃபெதெஸ் என்ற பெண்கள் சங்கம் 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் நெசவும் பூக்களும் எங்கள் கூட்டுச் சொத்து, கம்பெனிகள் எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்பது வழக்கு. 2017-இல் நீதிமன்றம் இதற்குச் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. காப்புரிமைச் சட்டங்கள் எப்போதும் ஒரு தனி ஆளையோ கம்பெனியையோ படைப்பாளி என்று கேட்கும். ஊர் மொத்தமும் பல தலைமுறையாக நெய்து வந்த பூவுக்கு யார் பெயரை எழுதுவது? இந்தப் பெண்கள் கேட்டது சமூகத்தையே ஆசிரியராக ஏற்றுக்கொள்ளச் சொல்லி. அது முழுக்க நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வியாழன், சிச்சிகஸ்தெனாங்கோ

வியாழனும் ஞாயிறும் இங்கே சந்தை. மலைப்பாதை முழுக்க வளைவு, வயிறு கலங்கிப் போய்ச் சேர்ந்தேன். சாந்தோ தோமாஸ் தேவாலயத்தின் படிகளில் பூக்காரப் பெண்கள், கோப்பால் பிசின் புகை, உள்ளே மெழுகுவத்தி வரிசை. கிச்சே மக்களின் படைப்புக் கதையான போபோல் வூ ஏட்டை ஃப்ரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில்தான் பார்த்துப் படியெடுத்தார்.

சந்தையில் பைகளுக்கு மட்டும் சந்து சந்தாகக் கடைகள். "அமிகா, வாங்க, பாருங்க, எவ்வளவு தருவீங்க?" என்று எல்லாப் பக்கமும் குரல். அரை மணி நேரம் ஒன்றும் வாங்காமல் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. எல்லாமே மாயா பை என்று தொங்கினாலும் துணி ஒரே மாதிரி இல்லை. நிறையப் பைகள் கால்தறித் துணி. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மிதிதறியில் பெரும்பாலும் ஆண்கள் நெய்வது, நீளத்துக்கு அளந்து விற்பார்கள். பெண்களின் பாவாடையான கோர்த்தேவும் அந்தத் தறியில்தான் வருகிறது, நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் ஹாஸ்பே வேலைக்கு சல்கஹா, தொத்தோனிகபான் ஊர்கள் பேர் பெற்றவை. இந்தத் துணியில் பை தைப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்கக் காரணமில்லை, வெட்டித் தைக்கத்தானே நெய்கிறார்கள். இன்னொரு வகை, வீப்பில் பூக்களை அப்படியே பாலியெஸ்டரில் அச்சடித்தது. விரலால் தடவினால் மேடு பள்ளம் இல்லை, திருப்பினால் பின்பக்கம் வெள்ளை. அதில் நெய்தவள் என்று ஒருத்தியே கிடையாது. இந்த அச்சுத் துணியில் மேலாடையும் வந்துவிட்டது. கைநெசவு விலைக்குப் பக்கத்திலேயே வராது, வாங்க முடியாத பெண்கள் அதை அணிகிறார்கள்.

மூன்றாவது, நான் தேடி வந்த பழைய வீப்பில் பை. சிச்சி ஊர் வீப்பில் மூன்று துண்டு சேர்த்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டுத்துணியில் கதிர் கதிராக வைத்துத் தைத்திருப்பார்கள், மார்பு, முதுகு, இரண்டு தோள் என நாலு திக்குக்கும் நாலு வட்டம். அணிகிறவளின் தலை சூரியனுக்கு நடுவிலிருந்து எழும். ஒரு கடையில் பெரிய தோள்பை ஒன்று தொங்கியது. அதன் மூடியில் அந்தக் கதிர்களில் பாதி மட்டும் இருந்தது, மீதிப் பாதி எந்தப் பைக்குப் போனதோ. மார்பு வட்டம் பித்தளைக் கொக்கிக்கு அடியில் மாட்டியிருந்தது. ஓரத்தில் தோல் பட்டி தைத்த இடத்தில் துணி கொஞ்சம் வெளுத்து, இழை மெலிந்து, யாரோ அழகாக இழை ஓட்டித் தைத்துச் சரிசெய்த தடம். அணிந்திருந்தவளின் கைதான் அது. கடைக்காரர் அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விலை சொன்னார், 450 கெட்சால். டாலருக்கு ஏழரைக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சந்து தள்ளி ஒரு பாட்டி தரையில் பிளாஸ்டிக் விரித்து ஐந்தாறு பழைய வீப்பில்களை மடித்து வைத்திருந்தார். முழு வீப்பில், இன்னும் வெட்டாதது, அவர் கேட்டது 150.

அந்த இரண்டு விலைகளும் இரவு வரைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

வெள்ளி, சொலோலாவும் பனஹாச்சேலும்

வெள்ளிக்கிழமை சொலோலாவில் சந்தை, இது உள்ளூர்க்காரர்களின் சந்தை, வெங்காயமும் கேரட்டும் கோழியும்தான் அதிகம். இந்த ஊரில் ஆண்களும் இன்னும் பாரம்பரிய உடை அணிகிறார்கள், முக்கியமாக வயதானவர்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு மொரால், கம்பளி நூலில் பின்னிய பை. அதைப் பின்னுகிறவர்கள் ஆண்களே. ஒரு தாத்தா பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் நின்றபடியே பின்னிக்கொண்டிருந்தார், நூல் கண்டு அவர் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே கிடந்தது. வடக்கே தோதோஸ் சாந்தோஸ் மலையிலும் ஆண்கள்தான் மொரால் பின்னுவார்களாம். பையென்றே பிறந்த பை இது. மக்காச்சோளம், கத்தி, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள். சுற்றுலாக் கடையில் இந்தப் பைக்கு ஏனோ மதிப்பில்லை, பூ கம்மி என்று ஒதுக்கிவிடுகிறார்கள் போலும். எனக்கு இந்த வாரம் பார்த்ததில் இதுதான் மிகவும் பிடித்த பை.

அங்கிருந்து கீழே இறங்கினால் அதித்லான் ஏரி, மூன்று எரிமலைகள் சுற்றி நிற்க, நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். பனஹாச்சேலில் பைகள் தைக்கும் ஒரு கூடத்துக்குள் விட்டார்கள், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நாலு தையல் மெஷின், ஒரு நீள மேசை, மூலையில் வீப்பில் மூட்டைகள். தைக்கிற தம்பிகளும் மாயா பையன்கள்தான், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. மூட்டை பிரித்ததும் பழைய புகை வாசனை, விறகடுப்பு வீடுகளில் வருமே அந்த வாசனை. துவைத்து, காயவைத்து, தேய்ந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுகிறார்கள். ரொம்ப வெளுத்துப்போனதைக் கறுப்பிலோ ஊதாவிலோ முழுசாக மறுசாயம் தோய்க்கிறார்கள், வெளிநாட்டில் அது நன்றாக ஓடுகிறதாம். அப்புறம் மேசையில் விரித்து, பூ எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கே அட்டை வைத்து, கத்தரி.

அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தரியைப் பிடித்திருந்த பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அம்மாவும் நெய்கிறவர், இவன் கூலியில்தான் தங்கை படிக்கிறாள். முதலாளி சொன்னதையும் எழுத வேண்டும்: இந்த வீப்பில்கள் ஏற்கெனவே பழசு, விற்காவிட்டால் வீட்டில் கந்தலாகிக் கரித்துணியாகும், நாங்கள் வாங்குவதால் அவர்களுக்குக் கையில் காசு வருகிறது. முழுக்கப் பொய்யில்லை. 150-க்கும் 450-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு மட்டும் அவரிடம் தெளிவான பதில் இல்லை.

அங்கே உள்துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஒட்டுப்போட்ட முதுகுப்பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்து ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். "குதிரையும் பறவையும் இருக்கே, இது நெபாஹ். இந்தச் சிவப்பில் கழுத்துப் பூத்தையல், இது பட்சூன். இது அல்மோலோங்கா. இது கோமலாபா. இது எங்க ஊர்." தன் ஊர்ச் சதுரத்தின் மேல் மட்டும் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ஒரே பையில் அத்தனை ஊர்களும் இருந்தன, கடைக்குப் போனதும் அதற்கு ஒரே சீட்டு, மாயா பை.

மூட்டை மூட்டையாகப் பழைய வீப்பில் சந்தைக்கு வந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. 1976 பிப்ரவரி 4 நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் செத்தார்கள், இந்த மலைநாட்டு மண் வீடுகள்தான் அதிகம் விழுந்தன. வீடு கட்டக் காசுக்காகப் பெட்டியிலிருந்த நல்ல துணிகளை விற்றார்கள். 1960-இல் தொடங்கியிருந்த உள்நாட்டுப் போர் அடுத்த சில ஆண்டுகளில் மாயா கிராமங்கள் மேல் முழு வேகத்தில் இறங்கியது. வீப்பிலைப் பார்த்தால் ஊர் தெரியும் என்றேனே, அதுவே ஆபத்தானது. ராணுவம் குறிவைத்த ஊரிலிருந்து தப்பியவர்கள் தங்கள் வீப்பிலைக் கழற்றிவிட்டு வேறு ஊர் உடையிலோ கடை உடையிலோ நடமாடினார்கள். 1996 டிசம்பரில் அமைதி ஒப்பந்தம் வந்தது. 1999-இல் வெளியான உண்மை அறியும் ஆணையத்தின் அறிக்கை, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 200,000-க்கு மேல் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்றும் சொன்னது. அப்படிப்பட்ட காலத்திலும் கழற்றாமல் அணிந்தவர்கள் இருந்தார்கள். கிச்சே மாயா உரிமைப் போராளி ரிகோபெர்த்தா மெஞ்சு 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்க மேடை ஏறியதும் மாயா உடையில்தான்.

சனி, சான் ஹுவான் லா லகூனா

காலையிலேயே படகு பிடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்று ஒரு காற்று கிளம்பும், படகு தூக்கித் தூக்கிப் போடும். கரையில் இறங்கினால் மேட்டில் ஏற்றிவிட வரிசையாக ஆட்டோக்கள், எல்லாம் நம்ம பஜாஜ். குவாத்தமாலா ஊர்களில் எங்கே பார்த்தாலும் இந்த வண்டிதான், பெயர் மட்டும் துக்-துக்.

சுட்டுஹில் மொழி பேசும் இந்த ஊரில் பெண்கள் கூட்டுறவுகள் நிறைய, இயற்கைச் சாயம் இவர்கள் சிறப்பு. பருத்தியைக் குச்சிகளால் அடித்துப் பஞ்சாக்கி, சின்னத் தக்ளியைக் கிண்ணத்துக்குள் சுழற்றி நூல் எடுத்துக் காட்டினார்கள். வெள்ளைப் பருத்தியோடு இஷ்ககோ என்ற பழுப்புப் பருத்தியும் இங்கே உண்டு, செடியிலேயே அந்த நிறம், சாயமே வேண்டாம். நீலத்துக்கு சகதிந்தா என்ற செடியின் இலை, மஞ்சளுக்கு பெரிகோன் பூ, பழுப்புக்குத் தேங்காய் மட்டை, சாயம் பிடித்து நிற்க வாழைத்தண்டுச் சாறு.

சிவப்புக்குப் பூச்சி. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளை மாவு பூத்த மாதிரி ஒட்டியிருக்கும் கோச்சினீல் பூச்சி. அந்த அக்கா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், அடர்ந்த ரத்தச் சிவப்பு, மாலை வரைக்கும் ரேகைகளில் இருந்தது. காயவைத்து அரைத்த பொடியில் நூலை முக்குகிற நேரத்தையும் கூடச் சேர்க்கும் பொருளையும் மாற்றினால் அதே பூச்சி ரோஜா நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு, ஊதா வரை தரும். ஸ்பானியர் காலத்தில் இந்தப் பொடி ஐரோப்பாவுக்குப் போன பெரிய சரக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குவாத்தமாலாவின் முக்கிய ஏற்றுமதியே இதுதான். ரசாயனச் சாயம் வந்ததும் விலை விழுந்தது, அந்த இடத்துக்குக் காப்பி வந்தது, காப்பித் தோட்டங்களுக்காக மாயா மக்களின் நிலங்கள் போயின. இன்று ஏரிக்கரை முழுக்கக் காப்பிதான்.

இங்கத்துப் பைகள் வெட்டிச் செய்தவை அல்ல, பைக்கென்றே அளவு பார்த்து நெய்கிறார்கள். சாயம் தோய்த்த நாளிலிருந்து கைப்பிடி தைக்கிற வரை ஒரே கூட்டுறவுக்குள். நான் போன கடையில் ஒவ்வொரு பையிலும் நெய்தவளின் பெயர் எழுதிய சீட்டு இருந்தது, விற்றால் பங்கு அவளுக்கும் சங்கத்துக்கும். நிறங்கள் சிச்சியில் பார்த்ததைப் போலக் கூவுவதில்லை, மண்ணும் இலையும் கலந்த அமைதியான நிறங்கள். சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கிறது. ஊர்ப் பெண்கள் தங்கள் வீப்பிலுக்குப் பளபளப்பான செதலினா நூலையே விரும்புகிறார்கள். அது அவர்கள் ரசனை, அதை நாம் திருத்த வேண்டியதில்லை.

ஞாயிறு

முழுநாளும் பேருந்து. லோஸ் எங்குவெந்த்ரோஸ் சந்திப்பில் மாறி ஷேலா வந்து சேர்ந்தேன், வரைபடத்தில் கெட்சால்தெனாங்கோ என்று இருக்கும். 2,300 மீட்டருக்கு மேல், நல்ல குளிர். சூடாக ஒரு கப் அத்தோல் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

திங்கள், ஷேலா

போரில் கணவனை இழந்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய நெசவுச் சங்கங்கள் மலைநாட்டில் பல உண்டு. ஷேலாவில் இருக்கும் ட்ராமா டெக்ஸ்தீலெஸ் 1988-இல், போர் முடியுமுன்பே தொடங்கியது, ஐந்து மாவட்டங்களிலிருந்து இடுப்புத்தறிப் பெண்கள் சேர்ந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவர் போன பிறகு கையிலிருந்தது குச்சிகளும் கயிறும் அம்மா சொல்லிக்கொடுத்த வேலையும்தான். அதை வைத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். இந்த ஊரில் வெளியூர்க்காரர்களுக்கு நெசவும் சொல்லித்தருகிறார்கள், நானும் ஒரு நெசவாளி அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

பட்டையை இடுப்பில் மாட்டியதுமே முதுகு பேச ஆரம்பித்தது. பாவு இழைகளைத் தூக்கும் விழுதுக்குச்சியை உயர்த்தும்போது உடம்பை முன்னால் கொடுக்க வேண்டும், பலகை அடிக்கும்போது பின்னால் வாங்க வேண்டும். அம்மா என் இடுப்பில் கை வைத்துத் தள்ளித் தள்ளிப் பழக்கினார். அப்போதுதான் ஒன்றைக் காட்டினார். மிதிதறித் துணிக்கு இரண்டு பக்கம்தான் கரை, மேலும் கீழும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இடுப்புத்தறியில் பாவு நூல் இரண்டு முனையிலும் குச்சியைச் சுற்றித் திரும்புவதால், கடைசி வரைக்கும் பொறுமையாக நெய்து முடித்தால் நாலு பக்கமும் கரை உள்ள துணி கிடைக்கும். கடைசிக் கையகலம்தான் கஷ்டம், பலகை நுழையாது, மெல்லிய குச்சிக்கு மாறி, அப்புறம் ஊசியால் ஊடை கோக்க வேண்டும்.

நாலு பக்கமும் கரை இருந்தால் பிரிந்துபோக இழை இல்லை. அந்த அம்மா தன் பையை எடுத்துக் காட்டினார். ஒரே துண்டு, நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் கரையோடு கரை சேர்த்து வண்ண நூலில் நெருக்கமாகத் தைத்தது. ரந்தா என்று அந்தத் தையலுக்குப் பெயர், வீப்பில் துண்டுகளைச் சேர்ப்பதும் இதே தையல்தான். தோள்பட்டை தனியாக நெய்த நாடா. ஜிப் இல்லை, தோல் இல்லை, உள்துணி இல்லை. எங்கேயும் கத்தரிக்கோல் படவில்லை. உள்ளே திருப்பிப் பார்த்தேன், வெட்டு முனை ஒன்று கூட இல்லை.

அதே மாதிரி ஒன்று எனக்கும் வேண்டும் என்றேன். அளவு கேட்டார், நிறம் கேட்டார், பூ மட்டும் தன் ஊர்ப் பூதான் போடுவேன் என்றார், சரி என்றேன். எத்தனை நாள் உட்கார வேண்டும், நூல் என்ன விலை என்று அவரே விரல் விட்டுக் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை, சிச்சியில் பார்த்த தோல் வைத்த பையை விட அதிகம். பேரம் பேசவில்லை. பாதிக் காசு முன்பணம், மீதி கைக்கு வந்ததும். ஊருக்குத் திரும்புவதற்குள் முடியாது, இங்கே படிக்கிற ஒரு தோழி வாங்கி அனுப்புவாள்.

போகப் போகிறவர்கள் வாங்குமுன் பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியா நெசவா என்பது பின்பக்கத்தில் தெரிந்துவிடும். கழுத்துக் கதிரோ நடுத்தையலோ பையின் ஓரத்தில் பாதியாக நின்றால் அது வீப்பிலை வெட்டியது. எந்த ஊர்த் துணி, யார் நெய்தது என்று கேளுங்கள், சங்கக் கடைகளில் உடனே சொல்வார்கள். பழைய வீப்பில்தான் பிடித்திருக்கிறது என்றால் தரையில் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடம் முழுசாக வாங்குங்கள், அவர்கள் சொல்கிற விலைக்கே வாங்குங்கள். சொலோலா பக்கம் போனால் தாத்தாக்கள் பின்னும் மொராலையும் பாருங்கள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போனால்தான் கூட்டம் இருக்கும்.